ரன்னிங் இன் முடியட்டும்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்த அன்று தெருவே திரண்டு வந்து பார்த்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மையில் எதிர்வீட்டு அக்கா மட்டும்தான் வந்தாள். அவளும் ரேஷன் கடைக்குப் போகிற வழியில், கையில் மண்ணெண்ணெய் கேனோடு நின்றாள். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்பக்கம் போய் நின்றுகொண்டு, "இன்னா சார், பின்னாடி பாதி வண்டியக் காணோம்?" என்று கேட்டாள்.

என் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஹேட்ச்பேக் என்றால் இப்படித்தான் இருக்கும், பின் கதவைத் தூக்கினால் உள்ளேயே டிக்கி, சீட்டை மடித்தால் இன்னும் இடம் என்று பொறுமையாகத் தூக்கியும் மடித்தும் காட்டினார். அக்கா தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"பெட்ரோலா சார்?"

"டீசல்."

"டீசலா? லாரிக்கு ஊத்தறதா?"

"ஆமாம்மா. ஆனா இது கார்."

"அப்ப சரி சார்," என்று சொல்லிவிட்டுக் கேனை ஆட்டிக்கொண்டே போய்விட்டாள். கடைக்காரன் இவரை நன்றாக ஏமாற்றிவிட்டான், அதை நம் வாயால் சொல்வானேன் என்கிற பெருந்தன்மை அந்த நடையில் தெரிந்தது.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் அது. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தெரு. அதுவரைக்கும் சின்னக் கார் என்றால் பெட்ரோல், டீசல் என்றால் லாரி, வேன், டாக்ஸி என்று உலகம் ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த ஒழுங்கைக் கலைத்து, சின்னக் காரிலேயே டீசல் இன்ஜினை வைத்து விற்க ஆரம்பித்தார்கள். காலை எலக்ட்ரிக் டிரெயினில் இவரோடு பீச் ஸ்டேஷன் வரைக்கும் போகிற சிநேகிதர் ஒருவர், "டீசல் வண்டி ஓட ஓட லாபம் சார்" என்று சொல்லியிருக்கிறார். சொன்னவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது. என் கணவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எண்பதுகளில் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர் அவர். ஸ்கூட்டர் வந்து சேர்ந்தபோது அதை ஓட்ட வேண்டும் என்ற ஆசையே அவருக்குத் தீர்ந்துபோயிருந்தது, ஆனால் காத்திருந்ததில் வந்த மரியாதை மட்டும் தீரவில்லை. அதன் பிறகு காத்திருக்க வைக்காத எந்தப் பொருளையும் அவர் மதித்ததில்லை. குக்கர் வாங்கினாலும் ஒரு வாரம் பெட்டியோடு வைத்திருந்துதான் பிரிப்பார். அப்படிப்பட்டவருக்கு, பணம் கட்டிய கொஞ்ச நாளிலேயே "வந்து எடுத்துட்டுப் போங்க சார்" என்று கூப்பிட்டுக் காரைக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு அது உறுத்தியது. காத்திருக்க வேண்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்து காத்திருந்தார்.

இனி என்னைப் பற்றி. எனக்குக் கார் ஓட்டத் தெரியும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. கார் புக் செய்த கையோடு இரண்டு பேருமாகக் குரோம்பேட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தோம். டெஸ்டில் நான் முதல் தடவையே பாஸ். இவர் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டு, மறுபடியும் போய்த்தான் லைசென்ஸ் வாங்கினார். "கம்பம் தப்பான இடத்துல இருந்துச்சு" என்றார். இருந்திருக்கும். அரசாங்கக் கம்பம்தானே.

நான் பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் பஸ். மற்ற நாள்களில் நின்றுகொண்டாவது போய்விடலாம். வெள்ளிக்கிழமை சந்தை நாள். கூடை, கோழி, பழைய இரும்பு, செடித் தொட்டி எல்லாம் ஏறும். யாருடைய தொட்டியாவது என் காலில் இறங்கும், யாராவது என் புடவைக் கொசுவத்தை மிதித்துக்கொண்டே "தள்ளிப் போம்மா" என்பார்கள். பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது நானே சந்தையில் விலைபோகாமல் திரும்பி வந்த சாமான் மாதிரி இருப்பேன். ஒரே ஒரு வெள்ளிக்கிழமையாவது என் காரில், என் கையில் ஸ்டியரிங்கோடு அந்தச் சந்தையைத் தாண்டிப் போக வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். என் சம்பளமும் அந்தக் காரில் கலந்திருந்ததால், அதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் பூஜை போடக் குன்றத்தூர் முருகன் மலைக்குப் போனோம். பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று கொட்டை எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். புது இன்ஜின், பழகிக்கொண்டிருக்கிறது, பின்னால் வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாகப் போக வேண்டும் என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். மெதுவாக என்று அவர்கள் எதைச் சொன்னார்களோ தெரியாது. எங்களை முதலில் பஸ் முந்தியது, பிறகு ஸ்கூட்டர், பிறகு பால் கேன் கட்டிய ஒரு சைக்கிள். சைக்கிள்காரர் முந்தியபின் திரும்பிப் பார்த்து, ஏதாவது உதவி வேண்டுமா என்கிற மாதிரி கையை ஆட்டினார்.

ஏ.சி. இருந்தது. போடக்கூடாது, ரன்னிங் இன். சீட்டில் ஷோரூம் பிளாஸ்டிக் உறை இருந்தது. கழற்றக்கூடாது, சீட் அழுக்காகும். ஏப்ரல் மாத வெயிலில் அந்த பிளாஸ்டிக்கில் உட்கார்ந்து குன்றத்தூர் வரை போனவர்களுக்கு முருகன் தனியாக வேறு சோதனை வைக்க வேண்டியதில்லை. திரும்பும்போது முதுகை உரித்து எடுக்க வேண்டியிருந்தது.

மலையடிவாரத்தில் குருக்கள் கண்ணாடியில் சந்தனம் குங்குமம் இட்டு, நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். மாலை போட்டுக்கொண்டு நின்ற காரைப் பார்க்க, உண்மையைச் சொல்வதற்கென்ன, எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. இவர் ஸ்டியரிங்கைக் கும்பிட்டுவிட்டு நகர்த்தினார். எவ்வளவு மென்மையாக நகர்த்தினார் என்றால், முன் இடது சக்கரத்து எலுமிச்சை நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டது. குருக்கள் அதைத் தேடி எடுத்து, "பரவாயில்ல, மூணு நசுங்கிடுத்தே" என்று சமாதானம் சொன்னார். இவருக்குச் சமாதானம் ஆகவில்லை. வீடு வந்து சேரும்வரை முன் இடது பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். முன் இடது பக்கம் உட்கார்ந்திருந்தது நான்.

அந்த மலையடிவாரத்தில்தான் கேட்டேன். "என்னங்க, திரும்பிப் போறப்ப நான் ஓட்டட்டுமா?"

அவர் பின் கண்ணாடியைக் காட்டினார். "ரன்னிங் இன் முடியட்டும்."

"அதுக்கும் நான் ஓட்டறதுக்கும் என்ன?"

"புது இன்ஜின் ஒரே கையில பழகணும். கை மாறினா குழம்பிடும்."

"முடிஞ்சப்புறம்?"

"முடிஞ்சப்புறம் நீதான் ஓட்டப்போற. முருகன் சந்நிதியில நின்னு சொல்றேன். ஆயிரம் கிலோமீட்டர் ஆகட்டும், சாவிய உன் கையில குடுத்துடறேன்."

நான் நம்பினேன். கணக்கு டீச்சர் இல்லையா, ஆயிரம் என்பது ஒரு எண், ஓடினால் வரும் என்று நினைத்துவிட்டேன். ஓடினால்தானே.

சாவியை வீட்டுக்கு வந்ததும் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குக் கீழே வைத்தார். அது அங்கேயே குடியிருந்தது. கல்யாணத்துக்குப் போகலாமா என்றால், மண்டபத்து வாசலில் எவனாவது கோடு போட்டுவிடுவான். மாமா ஊரிலிருந்து வருகிறார், மீனம்பாக்கம் ஏர்போர்ட் போய் அழைத்து வரலாமா என்றால், அங்கே வெயிலில் நிறுத்த வேண்டும், பெயின்ட் போய்விடும். மேகமூட்டமாக இருந்தால் மழை வரும், சேறு தெறிக்கும். மேகமே இல்லையென்றால் டயர் சூடாகும். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாக இருந்தால் ராகு காலம். ஓட ஓட லாபம் என்று டீசல் வண்டி வாங்கியவர், ஓட்டாமலே வைத்திருந்தால் அதைவிட லாபம் என்று தானாகவே கண்டுபிடித்துவிட்டார்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பக்கத்திலேயே இருக்கிற சானடோரியம் வரை போய் வருவார், பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க. அதிலும் ஒருதரம் என்னையும் ஏற்றிக்கொண்டு பங்க்கில் டீசல் போடப் போய், லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். பையன் வந்து, "டாக்ஸிங்களா சார்?" என்று கேட்டான். "ஆமாம்பா, ஒரே பாசஞ்சர், அதுவும் ஸ்டியரிங் கேக்கற பாசஞ்சர்" என்று நான் சொன்னேன். வீடு வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்ததில் அந்த இன்ஜினுக்கு மட்டும் பங்கில்லை.

அந்த இன்ஜின் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கதையே அதிலிருந்துதான் திரும்புகிறது. வண்டியை வெளியே எடுக்காவிட்டாலும், தினமும் விடிகாலையில் ஸ்டார்ட் செய்து சூடு பண்ண வேண்டும் என்று இவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அநேகமாக அதே டிரெயின் சிநேகிதர்தான். சாவியைப் போட்டுத் திருப்பினால் டாஷ்போர்டில் முறுக்கு மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். உள்ளே இன்ஜின் சூடாகிறது என்று அர்த்தம், அது அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்த முறுக்கு விளக்கு அணையும்வரை இவர் கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி சொல்வார். விளக்கு இரண்டு வரியிலேயே அணைந்துவிடும். இவர் முழுசாக முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறப்பார்.

பிறகு ஸ்டார்ட் செய்வார். கேட் நடுங்கும். சமையலறையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

முதல் நாள் அப்படி ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. கோலம் போடலாமென்று கதவைத் திறந்தேன். எங்கள் கேட்டுக்கு வெளியே வரிசையாகக் குடங்கள். பச்சை, நீலம், சிவப்பு, ஆரஞ்சு என்று எல்லா நிறத்திலும் பிளாஸ்டிக் குடங்கள். அதற்குப் பின்னால் தூக்கம் கலையாத முகங்களோடு எங்கள் தெருப் பெண்கள். முதல் குடத்துக்குப் பின்னால் எதிர்வீட்டு அக்கா.

"லாரி எங்க சார்?" என்றாள்.

"எந்த லாரி?" என்றார் இவர், கார் ஜன்னலிலிருந்து.

"தண்ணி லாரி. சத்தம் கேட்டுகினே கீதே."

இன்ஜின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அக்கா காரைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், குனிந்து தன் குடத்தைப் பார்த்தாள். "பேஜாராப் போச்சு," என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அரத்தூக்கத்துல ஓடியாந்தேன்."

எங்கள் பக்கத்தில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர். லாரி எப்போது வரும் என்று அந்த லாரிக்கே தெரியாது, அதனால் டீசல் இன்ஜின் சத்தம் கேட்டால் தூக்கத்திலேயே எழுந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எங்கள் தெருவின் பழக்கம். தாலி கட்டுகிற நேரமாக இருந்தாலும் ஓடுவார்கள். அப்படியொரு தெருவில், விடிகாலையில், கேட்டுக்குள் நின்று டீசல் இன்ஜினை உறும விட்டால் என்ன நடக்கும் என்று ஒரு மனிதர் யோசித்திருக்க வேண்டாமா?

இவருக்கு மூக்கு உடைந்துபோனது. மெட்டாலிக் வெள்ளி நிறம், நான்கு கதவு, மடிக்கிற சீட் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய கார். அது தெருவுக்குத் தண்ணீர் லாரியாகத்தான் அறிமுகமானது. மறுநாளிலிருந்து லாரி வந்து போன பிறகே ஸ்டார்ட் செய்தார். அப்போதும் குடம் நிறையாதவர்கள் இரண்டாவது லாரி என்று ஓடிவந்தார்கள். தெருப்பிள்ளைகள் காருக்கே 'தண்ணி லாரி' என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் சிரித்தேன் என்று அவர் கோபித்துக்கொண்டார். சிரிக்காமல் என்ன செய்வது? கிலோமீட்டர் எண்ணைத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, உள்ளே வயிறெரிந்துகொண்டிருந்தேன். ஆயிரம் எங்கே, நூறைக்கூடத் தாண்டவில்லை. இந்தக் கணக்கில் போனால் நான் ரிட்டயர் ஆகிற வெள்ளிக்கிழமைதான் சந்தையைத் தாண்டிப் போக முடியும்.

மே மாதத்தில் டெலிபோன் கேபிள் புதைக்கிறோம் என்று வந்து எங்கள் தெருவில் பாதியைத் தோண்டிப் போட்டார்கள். நீளமாக ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் மண் மேடு, மீதி இருந்த இடத்தில் மனிதர்கள். தோண்டியவர்கள் போய்விட்டார்கள். லாரிக்காரர் தெருமுனை வரை வந்து பார்த்துவிட்டு, "பள்ளத்த மூடுங்க, அப்பால வரேன்" என்று திரும்பிவிட்டார். மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சைக்கிள் இருந்தவர்கள் முடிச்சூர் பக்கம் ஒரு தோட்டத்துப் பம்ப்செட்டுக்குப் போய், கேரியரில் இரண்டு குடம் கட்டி எடுத்து வந்தார்கள். மோட்டார் ஓடுகிற நேரத்தில் போனால் அந்தத் தோட்டக்காரர் யாரையும் தடுப்பதில்லை.

எனக்குக் கோடை விடுமுறை. இவர் ஆபீஸ் போயிருந்தார். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். அவள் பெண் பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்திருந்த நேரம்.

"கொயந்தைக்கு ஊத்தக்கூட நல்ல தண்ணி இல்ல டீச்சரே," என்றாள். "போர் தண்ணில ஊத்துனா ஒடம்பெல்லாம் செவந்துடுது."

எங்கள் வீட்டிலும் ஒரு குடம்தான் இருந்தது. அதில் பாதியைத் தருகிறேன் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. போர்ட்டிகோவில் உறை போர்த்தி நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் வூட்டு லாரிய எடேன்."

"அது கார் அக்கா."

"இன்னாவோ ஒண்ணு. சும்மாதான நின்னுகினு கீது? உனக்கு ஓட்டத் தெரியாதா?"

தெரியாதா என்று கேட்டுவிட்டாள். வேறு எப்படிக் கேட்டிருந்தாலும் நான் யோசித்திருப்பேன். நேரே பூஜை அலமாரிக்குப் போனேன். முருகன் படத்துக்கு முன்னால் ஒரு விநாடி நின்றேன். "உன் சந்நிதியில சொன்னவர் சொன்னத மறந்துட்டார், நீயாவது ஞாபகம் வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தேன். பீரோவிலிருந்து லைசென்ஸையும் எடுத்துக்கொண்டேன். போட்டோ எடுத்த நாளைக்குப் பிறகு அந்த லைசென்ஸ் வெயிலைப் பார்த்ததே இல்லை.

வண்டிமேல் போர்த்தியிருந்த உறையைக் கழற்றிப் பின் சீட்டை மடித்தோம். தெருவில் யார் யார் குடம் என்று கேட்காமல் அக்கா எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்கினாள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை நொறநொறவென்றது. "இத ஏன் கயட்டல?" என்றாள். "அது பெரிய கதை" என்றேன்.

சாவியைத் திருப்பினேன். முறுக்கு விளக்கு எரிந்தது. அணைந்ததும் ஸ்டார்ட் செய்தேன், கிளச்சை விட்டேன், வண்டி ஒரு குதி குதித்தது, ஆனால் நிற்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டியாக இருந்தால் செத்திருக்கும். டீசல் வண்டியிடம் ஒரு நல்ல குணம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு தப்பு செய்தாலும் முனகிக்கொண்டே இழுத்துக்கொண்டு போகும். எங்கள் வீட்டில் அந்தக் குணம் இத்தனை வருஷம் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

பள்ளத்தை ஒட்டிப் போகும்போது எனக்கு உயிர் கையில் இல்லை. வலது பக்கம் மதில் சுவர், இடது பக்கம் பள்ளம். ஸ்டியரிங் கல்லுரல் மாதிரி கனத்தது. அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "போ, போ, இன்னும் ஒரு சாண் கீது, போ" என்றாள். ஒரு சாண் முடிந்த இடத்தில் தெருவும் முடிந்தது. முடிச்சூர் சாலைக்குத் திரும்பி இரண்டாவது கியர் போட்டபோது அக்கா கையைத் தட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லாரி மூன்று நாளாகக் கொண்டுவராத தண்ணீர் இப்படியா வர வேண்டும்.

தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குடங்களை நிரப்பி, வாயில் பிளாஸ்டிக் தாள் வைத்து நூலால் கட்டி அடுக்கினோம். திரும்பும்போது இன்னொரு வேடிக்கை. பின்னால் நிறைகுடங்கள் இருந்ததால் வேகமாகப் போகவே முடியவில்லை. மேடு பள்ளம் வந்தால் ஊர்ந்துதான் போக வேண்டும். ஷோரூமில் சொன்ன ரன்னிங் இன் வேகத்தை இம்மி பிசகாமல் கடைப்பிடித்தது அந்தக் காரின் வாழ்க்கையில் அன்று நான் ஒருத்திதான். இவர் ஓட்டியது ரன்னிங் இன் இல்லை, சாமி ஊர்வலம்.

ஒரு நடையோடு நிற்கவில்லை. தெருமுனையில் எங்கள் இன்ஜின் சத்தம் கேட்டதுமே பெண்கள் வெளியே வந்தார்கள், இந்தத் தடவை அவர்கள் தப்பாக நினைத்து வரவில்லை. குழந்தைக்கு முதல் குடம் போனது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. மதியம் சாப்பிட்டுவிட்டு மறுபடி போனோம். அன்று மாலை வரைக்கும் எத்தனை நடை போனேன் என்று நான் எண்ணவில்லை. கணக்கு டீச்சருக்கும் விடுமுறை உண்டு.

கடைசி நடை முடிந்து தெருவுக்குள் திரும்பும்போது, மண் மேட்டுக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் பையோடு இவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். ஸ்டேஷனிலிருந்து வருகிறார். பின்னால் வந்த எங்கள் வண்டியைப் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறார். எதிரே வீடுகளிலிருந்து குடத்தோடும் கையை வீசிக்கொண்டும் வருகிற பெண்களைப் பார்த்ததும் அவருக்குப் பழைய காயத்தைக் கிளறிவிட்ட மாதிரி ஆனது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார்.

"லாரி இல்லம்மா, லாரி இல்ல. அது என் கார் சத்தம்," என்றார். சொல்லி முடித்த பிறகுதான், தன் கார் வீட்டில் நிற்க வேண்டியதாயிற்றே என்று உறைத்திருக்கும். மெதுவாகத் திரும்பினார்.

அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "கார்னு தெரியும் சார். கொஞ்சம் ஓரமா நில்லு, டீச்சர் வரணும்."

அவர் ஓரமாக நின்றார். நான் பள்ளத்தை ஒட்டி, ஒரு சாண் விட்டு, அவரைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போய் வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்கவே பயமாக இருந்தது. பெண்கள் குடங்களை இறக்கினார்கள். அவர் வந்து பின் கதவுப் பக்கம் நின்று உள்ளே பார்த்தார். பிளாஸ்டிக் உறை மேலெல்லாம் தண்ணீர், சேறு, ஒரு குடத்தின் உடைந்த விளிம்பு. கையை வைத்து உறையை ஒரு மூலையில் தூக்கிப் பார்த்தார். சீட் காய்ந்துதான் இருந்தது.

"பார்த்தியா," என்றார். "உறையக் கழட்ட வேணாம்னு நான் சொன்னது எவ்வளவு நல்லதாப் போச்சு."

இவ்வளவுக்கும் நடுவில் அந்த மனிதருக்குத் தோன்றியது அது. எனக்குக் கோபம் வரவில்லை. எல்லாப் பயமும் போய், மண்ணில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும் போலிருந்தது. எதிர்வீட்டிலிருந்து குழந்தையைக் குளிப்பாட்டுகிற சத்தமும் அதன் அழுகையும் கேட்டன. இவர் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு டிரைவர் பக்கம் போய்த் தலையை உள்ளே விட்டுக் கிலோமீட்டரைப் பார்த்தார்.

"எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன்.

அவர் உள்ளே போய் முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். நான் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் பின் கண்ணாடி முன்னால் குந்தி உட்கார்ந்து, 'ரன்னிங் இன்' ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

"இன்னும் ஆயிரம் ஆகலையே," என்றேன். விடுவேனா.

"லோடோட ஓடினா டபுள் கணக்கு," என்றார், சுரண்டுவதை நிறுத்தாமல்.

அப்படி ஒரு விதி எந்தக் கம்பெனியும் எழுதி வைத்ததில்லை. அவரும் அதை அப்போதுதான் எழுதினார். நான் வண்டியைப் பூட்டிவிட்டுச் சாவியோடு உள்ளே போனேன். அதை முருகன் படத்துக்குக் கீழே வைக்கப் போகும்போது வாசலிலிருந்து அவர் குரல் வந்தது.

"அங்க வெக்காத. உன் ஹேண்ட்பேக்லயே போட்டுக்க."

நான் நின்றேன்.

"ஸ்கூல் தொறந்ததும் வெள்ளிக்கிழமைல மட்டும் பார்த்துப் போ," என்றார். "சந்தைக் கூட்டத்துல எவனாவது கோடு போட்டுடப் போறான்."